அன்றாட மேக்கப்: முகத்தில் எந்தக் கோளாறு, அதற்கு என்ன வழி

காலை ஆறு மணிக்கு வீட்டுக் கண்ணாடியில் பளிச்சென்று இருந்த முகம், எட்டரை மணிக்கு வேலையிடத்துக் கண்ணாடியில் வேறு யாருடைய முகமோ மாதிரி தெரிகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மணப்பெண் அலங்காரம் செய்யும் என்னிடம், கல்யாண மேக்கப்பைவிட இதைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். கடையில் கல்லாவில் நிற்பவர்கள், விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறுபவர்கள், பாலர்பள்ளி ஆசிரியைகள், ஈப்போவுக்கு மோட்டாரில் போய் வரும் பிள்ளைகள். இவர்கள் எல்லாருக்கும் யாரோ ஒருவர் முன்பே ஒரு பதிலைச் சொல்லி வைத்திருப்பார்: "உன் நிறத்துக்கு மேக்கப் எடுபடாது." அது பொய். வாங்கிய ஷேட், பூசிய அளவு, பூசிய வரிசை, இடையில் காத்திருந்த நேரம், இவற்றில் ஏதோ ஒன்று தவறியிருக்கும். எது என்று கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு முதல் கேள்வி, கோளாறு எப்போது தெரிகிறது என்பதுதான். பூசியவுடனே தெரிந்தால் பெரும்பாலும் ஷேட் தவறு. பூசிக்கொண்டிருக்கும்போதே வந்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்தால் முகத்து எண்ணெய் பூச்சோடு கலந்திருக்கிறது. மதியத்தில் வந்தால் வியர்வை. மறுநாளோ மறுவாரமோ வந்தால் தோல் எதையோ ஏற்கவில்லை. அதை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள், மூன்று நாள் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும்.

எங்கிருந்து தொடங்குவது

நம் ஊரில் பகலில் வெயில் 32, 33 டிகிரிக்குப் போகும், காற்றிலும் எப்போதும் ஈரம். குளிர்நாட்டுப் பெண் வீடியோவில் காட்டும் பன்னிரண்டு அடுக்கு இங்கே நிற்காது. அன்றாடத்துக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: முகம் கழுவி லேசான ஜெல் மாய்ஸ்சரைசர், அதன்மேல் சன்ஸ்கிரீன், தேவையான இடத்தில் மட்டும் கன்சீலர் (கருவளையம், கறை மறைக்கும் பூச்சு) அல்லது பவுண்டேஷன் (தோல் நிறத்தைச் சமப்படுத்தும் பூச்சு), மூக்கையும் நெற்றியையும் அமர்த்தக் கொஞ்சம் பவுடர். கண்ணுக்கும் உதட்டுக்கும் உங்கள் விருப்பம். இது சரியாக அமைந்த பிறகு வேறு பொருள் சேருங்கள். இருக்கிற கோளாறை மறைக்க இன்னொரு பொருள் வாங்கினால் கோளாறு இரண்டாகிவிடும்.

பூசியவுடனே முகம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது

நம் பெண்கள் அதிகம் சொல்லும் குறை இதுதான், அதிகம் மனம் உடைவதும் இதில்தான். காரணம் இரண்டு இருக்கலாம். எது என்று பார்க்க, ஒருநாள் சன்ஸ்கிரீன் மட்டும் பூசிக்கொண்டு வாசலில், பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள்.

அப்போதே வெளுப்பு இருந்தால் சன்ஸ்கிரீன்தான் காரணம். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு இரண்டும் வெள்ளைத் தாதுப்பொடிகள். பழுப்புத் தோலில் அவை வெள்ளைப் படலமாக நிற்கும். அதற்காகக் கொஞ்சமாகப் பூசிக்கொள்வது வழி இல்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் டப்பாவில் போட்டிருக்கும் பாதுகாப்பு கிடைக்கும். நிறமில்லாத ரசாயன வடிகட்டிகள் உள்ள ஜெல் வகைக்கு மாறுங்கள். அல்லது தோல் நிறம் கலந்த சன்ஸ்கிரீனை எடுங்கள். நிறம் கலந்ததில் ஒரு கூடுதல் நன்மையும் உண்டு: அதில் நிறத்துக்காகச் சேர்க்கும் அயர்ன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கிறது. நம் தோலில் மங்கு கறுப்பதற்கு அந்த ஒளியும் ஒரு காரணம்.

சன்ஸ்கிரீன் மட்டும் பூசியபோது முகம் நன்றாக இருந்து, பவுண்டேஷன் வந்ததும் சாம்பல் ஏறினால் ஷேட் தவறு. பெரும்பாலும் ஒன்றிரண்டு படி வெளுப்பாக வாங்கியிருப்பீர்கள். நானும் முதல் சம்பளத்தில் அப்படித்தான் வாங்கினேன். கடைப்பெண் கையின் பின்புறத்தில் தடவிக் காட்டினார், கடை விளக்கில் அழகாக இருந்தது. தோழியின் கல்யாணப் படத்தில் என் முகம் ஒரு நிறம், கழுத்து வேறு நிறம். அந்தப் படத்தை வெகுநாள் யாருக்கும் காட்டவில்லை.

சரியான ஷேட் பார்க்கும் முறை: தாடை எலும்பின் ஓரத்தில், கன்னத்திலிருந்து கழுத்தை நோக்கி, அடுத்தடுத்த மூன்று ஷேட்களைக் கோடாக இழுங்கள். கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. இரண்டு ஷேட் ஒரே ஆழத்தில் இருந்து, ஒன்று ரோஸ் சாயலும் மற்றது மஞ்சள் சாயலும் காட்டினால், நம்மில் பலருக்கு மஞ்சள் அல்லது தங்கச் சாயல்தான் இழையும். ஆனால் எல்லாருக்கும் அல்ல, கோடு போட்டே பாருங்கள். வெள்ளிக்கிழமை மஞ்சள் தேய்த்துக் குளிப்பவர்கள் அன்றைக்கு ஷேட் பார்க்கப் போகாதீர்கள். முகத்தில் தங்கியிருக்கும் மஞ்சள் கணக்கைக் குழப்பிவிடும்.

கண்ணுக்குக் கீழே மட்டும் சாம்பல் தெரிந்தால் அது வேறு விஷயம். அங்கே உள்ள கருவளையத்தில் நீலச் சாயல் உண்டு. அதன்மேல் வெளிர் கன்சீலரை வைத்தால் நீலமும் வெள்ளையும் சேர்ந்து சாம்பலாகும். நீலத்தை அடக்குவது ஆரஞ்சு. மாநிறத்துக்குப் பீச் நிறக் கரெக்டர், கறுத்த நிறத்துக்கு நல்ல ஆரஞ்சு, பயறளவு எடுத்து விரலால் தட்டுங்கள். அதன்மேல் உங்கள் தோல் ஷேட்டிலேயே கன்சீலர். வாயைச் சுற்றியுள்ள கருமைக்கும் இதே வழிதான். பலருக்கு இவ்வளவே போதும், முகம் முழுக்கப் பவுண்டேஷன் வேண்டியிருக்காது. தோல் தோலாகவே தெரிகிற அழகு எனக்கு எப்போதும் பிடிக்கும்.

காலையில் சரியாக இருந்தது, ஒரு மணி நேரத்தில் கறுத்து ஆரஞ்சாகிவிட்டது

பவுண்டேஷனில் உள்ள நிறப்பொடிகள் முகத்து எண்ணெயோடு கலந்ததும் நிறம் ஆழமாகிறது. சில பொருள்களில் அதிகம், சிலவற்றில் கொஞ்சம். வாங்குமுன் தாடையில் கோடு போட்டுவிட்டு அரைமணி நேரம் சந்தையைச் சுற்றிவிட்டு வந்து பாருங்கள். அப்போது தெரிகிற நிறம்தான் உண்மையான நிறம். வீட்டில் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால், பூசுமுன் முகத்தை டிஷ்யூவால் ஒற்றி, மெல்லிய ஒரே அடுக்கு பூசி, உடனே பவுடரால் அமர்த்துங்கள்.

தேய்க்கும்போதே திரி திரியாக உருண்டு வருகிறது

அவசரம்தான் காரணம். கீழடுக்கு காயுமுன் மேலடுக்கு ஏறுகிறது. மாய்ஸ்சரைசருக்கு இரண்டு மூன்று நிமிடம், சன்ஸ்கிரீனுக்குக் குறைந்தது ஐந்து நிமிடம் கொடுங்கள். அந்த நேரத்தில் தலை வாரலாம், பிள்ளைக்குச் சாப்பாடு கட்டலாம். அப்புறம் பவுண்டேஷனைத் தேய்க்காமல் ஈர ஸ்பாஞ்சால் தட்டுங்கள். அப்படியும் உருண்டால் டப்பாவின் பின்புறம் படியுங்கள். பவுண்டேஷனுக்கு அடியில் பூசும் பிரைமரின் முதல் சில பொருள்களில் 'மெத்திகோன்' என்று முடியும் பெயர் இருந்தால் அது சிலிக்கோன். அதன்மேல் தண்ணீர் அடிப்படையிலான பவுண்டேஷன் சரியாக உட்காராது. பிரைமரை விட்டுப் பாருங்கள், நிறையப் பேருக்கு அது தேவையே இல்லை.

பத்து மணிக்குள் எண்ணெய் வடிகிறது, பவுடர் போட்டால் திட்டுத்திட்டாகிறது

எண்ணெய் மேல் பவுடர் போட்டால் மாவு பிசைந்த மாதிரிதான் ஆகும். முதலில் ஒற்றவேண்டும். எண்ணெய் ஒற்றும் தாள் இல்லையென்றால் டிஷ்யூவை இரண்டாகப் பிரித்து ஒரு மெல்லிய தாளை முகத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள். தேய்த்தால் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். பிறகு காம்பேக்ட் பவுடரைப் பஃபால் அழுத்தி வையுங்கள், மூக்கு, நெற்றி, முகவாய் மட்டும். கன்னத்துக்கு வேண்டாம்.

எண்ணெய் வடிகிறது என்று ஒரு நாளைக்கு நாலைந்து தடவை சோப்புப் போட்டுக் கழுவுபவர்கள் இருக்கிறார்கள். தோல் இழுத்துப் பிடித்து எரியத் தொடங்கும், காய்ந்த இடத்தில் பவுடர் செதில் செதிலாக நிற்கும். காலையும் இரவும் மென்மையான ஃபேஸ் வாஷ் போதும். நடுவில் வெறும் தண்ணீர்.

எங்கள் லயத்து வீட்டில் பாட்டி பெடாக் செஜுக் கரைத்துப் பூசுவார். பக்கத்து வீட்டு மலாய் மாமி கொடுத்தது. அரிசியை நாள்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு அரைத்து, சொட்டுச் சொட்டாகக் காயவைத்த மணிகள் அவை. இரவில் குளிர்ச்சிக்குப் பூசிக் காலையில் கழுவ அது நல்ல பொருள்தான். ஆனால் அதைச் சன்ஸ்கிரீனுக்குப் பதிலாகவோ பவுண்டேஷனுக்கு அடியிலோ வைக்காதீர்கள். வெயிலைத் தடுக்காது, மேலே வருவதையும் உதிர வைக்கும்.

ஹெல்மெட்டைக் கழற்றினால் நெற்றியும் கன்னமும் அழிந்திருக்கின்றன

மோட்டாரில் போகிறவர்களுக்கு வீட்டிலேயே முழு மேக்கப் போடுவது வீண். வீட்டில் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும், கிளம்புமுன் கால்மணி நேரம் காய விட்டு. வைசரைத் திறந்து ஓட்டும்போது கன்னமும் மூக்கும் முழு வெயிலில்தானே இருக்கின்றன. மற்றதெல்லாம் கைப்பையில் சின்னப் பையாகக் கட்டி, வேலையிடத்தில் ஐந்து நிமிடத்தில் முடியுங்கள்: ஒற்று, கன்சீலர் தட்டு, பவுடர் அழுத்து, கண்மை, உதடு. உள்ளே பருத்தித் தொப்பி ஒன்று போட்டால் வியர்வையை அது வாங்கிக்கொள்ளும், தினமும் துவைத்துவிடலாம். ஹெல்மெட்டின் உள்துணியைக் கழற்ற முடிந்தால் வாரம் ஒரு முறை அலசுங்கள். கன்ன ஓரத்துப் பரு அதிலேயே பாதி குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

விடியுமுன் பஸ் ஏறுபவர்களுக்கு வேறு சிக்கல். வீட்டுக் குழல்விளக்கு தலைக்கு மேலிருந்து விழுவதால் முகத்தில் நிழல். அந்த நிழலை மறைக்கப் பூசிப் பூசிக் கனமாகிவிடும். விளக்கு முகத்துக்கு நேரே விழும்படி கண்ணாடியை இடம் மாற்றுங்கள். முடியாவிட்டால் கைத்தொலைபேசியின் விளக்கைக் கண்ணாடிப் பக்கத்திலிருந்து முகத்துக்குத் திருப்புங்கள்.

கண்மை வழிந்து கண்ணுக்குக் கீழே கறுப்பு

வீட்டில் விளக்குக் கரியில் விளக்கெண்ணெய் குழைத்துச் செய்த மை எப்போதும் வழியும். எண்ணெய் காயாத பொருள், என்ன செய்தாலும் உட்காராது. அதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு, போட்டபின் இறுகிக் காயும் வாட்டர்புரூஃப் பென்சில். முதலில் கண்ணுக்குக் கீழே கன்சீலர் மீதுள்ள ஈரத்தைப் பவுடரால் அமர்த்துங்கள். கோடு போட்டதும் அதே நிற ஐஷேடோவைச் சின்னப் பிரஷ்ஷால் அதன்மேல் அழுத்துங்கள். அப்படியும் வழிந்தால் கீழ்க் கண்ணோரத்தை விட்டுவிட்டு மேல் இமையில் மட்டும் போடுங்கள். கண் விழித்தாற்போல்தான் இருக்கும், குறை தெரியாது.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுக்கும் சுர்மா கல்பொடியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பல சுர்மாக்கள் ஈயக் கல்லை அரைத்துச் செய்தவை. குழந்தைக் கண்ணில் அறவே கூடாது.

மை வழியாமலே கண் எரிகிறதா? வியர்வையோடு சன்ஸ்கிரீன் கண்ணுக்குள் இறங்கியிருக்கும். கண்ணைச் சுற்றி மட்டும் ஜிங்க் ஆக்சைடு உள்ள குச்சி வகையைத் தடவுங்கள். மஸ்காரா திறந்து மூன்று மாதம் ஆனால் தூக்கிப் போடுங்கள். டப்பாவில் திறந்த மூடி படம் போட்டு 6, 12 என்று எண் இருக்கும். திறந்தபின் எத்தனை மாதம் என்பதை அது சொல்கிறது. கண்பொருளைத் தங்கச்சியோடுகூடப் பகிரவேண்டாம்.

லிப்ஸ்டிக் போட்டால் உதடு செத்தாற்போல் தெரிகிறது

கறுத்த உதட்டின் மேல் வெளிர் நியூட் போட்டால் சுண்ணாம்பு பூசிய மாதிரிதான் இருக்கும். உங்கள் உதட்டு நிறத்தைவிட ஒரு படி ஆழமாகப் போங்கள்: செங்கல் சிவப்பு, பழுப்புச் சிவப்பு, நாவற்பழ நிறம். வெளிர் நிறம்தான் வேண்டும் என்றால் பழுப்பு லைனரால் உதடு முழுக்க நிரப்பி, நடுவில் மட்டும் வெளிர் நிறத்தைத் தொட்டு வையுங்கள். ரொட்டி சானாய் சாப்பிட்டதும் போய்விடுகிறது என்பது குறையே இல்லை. எண்ணெய் மெழுகைக் கரைக்கும். முதல் அடுக்கை டிஷ்யூவில் ஒற்றி இன்னோர் அடுக்குப் போட்டால் கொஞ்சம் தாங்கும். சாப்பிட்டபின் திரும்பப் போடுவதுதான் நேர்வழி.

நெற்றியில், முடியோரத்தில் சின்னச் சின்னப் பரு

மேக்கப்பைக் குறை சொல்லுமுன் தலைக்கு வைக்கும் எண்ணெயைப் பாருங்கள். தேங்காயெண்ணெய் வழிய வழிய வைத்து வெயிலில் போனால் அது நெற்றிக்கு இறங்கித் துவாரங்களை அடைக்கும். வேலை நாளில் முடி நுனிக்கு மட்டும் வையுங்கள், தலைக்கு விடுமுறை நாளில் வைத்து அலசிவிடுங்கள். இரவில் மேக்கப்பைக் கலைக்காமல் படுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தவேண்டும். வாட்டர்புரூஃப் பொருள் தண்ணீருக்குப் போகாது; எண்ணெய் உள்ள கிளென்சரால் தேய்த்துக் கரைத்து, பிறகு ஃபேஸ் வாஷ். ஸ்பாஞ்சை வாரம் ஒரு முறையாவது சோப்பில் கசக்கிக் காயவையுங்கள். நம் ஊர் ஈரத்தில் மூடிய டப்பாவில் வைத்தால் பூசணம் பிடிக்கும்.

பொட்டு வைத்த இடம் அரிக்கிறது, கறுக்கிறது, வெளுக்கிறது

ஸ்டிக்கர் பொட்டின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற பொருள் இருப்பதுண்டு. அது நிறம் தரும் உயிரணுக்களைக் கெடுத்து நெற்றியில் வெள்ளைப் புள்ளியை உண்டாக்கலாம். குங்குமத்தில் சேர்க்கும் சாயங்களும் ஒவ்வாமையால் கருமையை உண்டாக்கும். அரிப்பு தொடங்கியவுடனே நிறுத்துங்கள். பிராண்டு மாற்றி அதே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம். ஐலைனர் பென்சிலால் வரைந்துகொள்ளலாம். வெளுப்பு தெரிந்தால் காத்திருக்காமல் கிளினிக் போங்கள், ஆரம்பத்தில் பார்த்தால் திரும்ப வர வாய்ப்பு உண்டு.

கிரீம் பூசினேன், பத்து நாளில் வெளுத்தது. நிறுத்தினேன், முன்னைவிடக் கறுத்து எரிகிறது

இதைப் படிக்கிறவர்களில் ஒருவருக்காவது இது நடந்திருக்கும் என்பதால் இதைத்தான் மிகவும் சொல்ல விரும்புகிறேன். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில், தோழி மூலமாக, கைத்தொலைபேசியில் ஆர்டர் எடுத்து விற்கிறார்களே, மேலே பெயர் மட்டும் ஒட்டிய சின்ன டப்பா, பகல் கிரீம், இரவு கிரீம். சில நாளிலேயே வெளுப்பு காட்டுகிற பொருளைச் சந்தேகப்படுங்கள். என்.பி.ஆர்.ஏ. என்கிற நம் நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அவ்வப்போது பெயரோடு பட்டியல் வெளியிடும் முகக் கிரீம்களில் திரும்பத் திரும்ப வருபவை நான்கு: பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன்.

பாதரசம் நிறமியை அடக்கி வெளுப்பு காட்டும், தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். அம்மா முகத்திலிருந்து, துண்டிலிருந்து, தலையணையிலிருந்து குழந்தைக்கும் போகும். ஹைட்ரோகுயினோனைக் கண்காணிப்பு இல்லாமல் வெகுகாலம் பூசினால் போகாத நீலக் கருமை வரக்கூடும். டிரெட்டினோயின் தோலை உரித்து எரியவைக்கும், கர்ப்பிணிகள் தவிர்க்கவேண்டிய மருந்து. பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு, பூசும்வரை தோல் மினுங்கும், உள்ளே மெலிந்துகொண்டே வரும், நிறுத்தியவுடன் சிவந்து எரியும். "நிறுத்தினால் கெடுகிறது, ஆகவே நல்ல கிரீம்" என்று நினைத்துத் திரும்பப் பூசத் தொடங்குவார்கள். அந்தச் சுழலில்தான் பல பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த வேதனை எனக்குத் தெரியும், அப்படி வந்த முகங்களுக்குப் பவுண்டேஷன் வைக்கவே என் கை கூசியிருக்கிறது.

வாங்குமுன் சோதிக்க வழி உண்டு. இங்கே விற்கும் ஒவ்வோர் ஒப்பனைப் பொருளும் என்.பி.ஆர்.ஏ.விடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். NOT என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கி K என்று முடியும் எண் அதற்கு இருக்கும். அவர்கள் இணையதளத்தில் பொருளின் பெயரைத் தட்டிப் பாருங்கள், ரத்தான பட்டியலிலும் பாருங்கள். எண் இருப்பதாலேயே பொருள் சோதிக்கப்பட்டது என்று ஆகிவிடாது, ஆனால் எண்ணே இல்லாததை முகத்தில் வைக்காதீர்கள். தங்க, வெள்ளி நகையில் படக்கூடாது என்று டப்பாவில் எழுதியிருந்தால் பாதரசம் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏற்கெனவே பூசிவிட்டீர்களா? மேக்கப் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கிரீமையும் இனிப் பூசவேண்டாம். எரிச்சல் தொடங்கினாலும் திரும்ப எடுக்காமல், அடுத்த நாளே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். மாதக்கணக்கில் பூசியிருந்தால் அதைச் சொல்லுங்கள். கை நடுக்கம், தூக்கமின்மை, கால் வீக்கம், சிறுநீரில் நுரை இருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கூடவே கூட்டிப்போங்கள். முகம் துடைத்த துண்டையும் தலையணை உறையையும் குழந்தைக்குப் பயன்படுத்தாமல் தனியே வையுங்கள். கோபத்தில் டப்பாவைக் குப்பையில் வீசிவிடாதீர்கள். மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று அறிய அவருக்கு அது வேண்டும்.